பெட்டி சிறிது, ஆசை பெரிது

கேள்வி: கையில் ரூ.50,000 இருக்கிறது. மேஜை மூலையில் அடங்கும்படி ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முடியுமா?
– கல்லூரி மாணவர், சேலையூர்

பதில்: முடியும். ஆனால் அந்தத் தொகைக்குள் மானிட்டரும் கீபோர்டும் யு.பி.எஸ்ஸும் அடக்கமா என்பதைத் தாங்கள் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் வாங்கி வந்து, மானிட்டருக்குப் பதிலாக வீட்டு டி.வி.யை அபகரித்து, தாயாரின் சீரியல் நேரத்தில் சமாதானப் பேச்சு நடத்த நேர்ந்த வீரர்கள் அநேகர். ஆகையால் முதலில் எந்த விளையாட்டு, எந்தத் திரை என்பதை நிச்சயம் செய்துகொள்ளுங்கள். வாலரண்ட்டுக்குப் போதுமான யந்திரம் சைபர்பங்க் 2077-க்குப் போதாது. சைபர்பங்குக்கான யந்திரத்தை வாங்கி வாலரண்ட் மட்டும் ஆடுவதோ வெறும் ஆடம்பரம்.

கேள்வி: பெட்டி சிறியதானால் விலையும் குறையும் அல்லவா?
– வாசகர், கிழக்குத் தாம்பரம்

பதில்: மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பார்கள்; கம்ப்யூட்டர் கடையில் கிரயமும் பெரிது. தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய மினி ஐ.டி.எக்ஸ். என்னும் மதர்போர்டு, பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர் கொண்ட சதுரத்தில் சகலத்தையும் அடக்கிவிடும் சாமர்த்தியம் வாய்ந்ததேயாயினும், வாங்குவோர் சொற்பமாகையால் அதன் விலை கூடுதலாகவும், அதன் சிறு கேபினட்டுக்கு ஏற்ற எஸ்.எஃப்.எக்ஸ். ரக எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியின் விலை அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். பக்கத்துக்கு 24.4 சென்டிமீட்டர் உள்ள மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டோ அதே பிராசசரை ஏற்றுக்கொண்டு, குறைந்த விலைக்கு வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 300 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கு. தாம்பரத்தில் மனை விலை எவ்வளவு ஏறியிருந்தபோதிலும், அவ்வளவு இடத்துக்குப் பல ஆயிரம் கொடுப்பது விவேகமன்று.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கொஞ்ச காலம் தள்ள முடியுமா?
– வாசகி, பம்மல்

பதில்: தாராளமாக. ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசரில் கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருப்பதால், வாலரண்ட்டையும் ஜி.டி.ஏ. 5-ஐயும் செட்டிங்கைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு சுகமாக ஆடலாம். ஆனால் அந்த உள் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ராமைக் கடன் வாங்கியே ஜீவிப்பது. ஆகவே 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியைவிட 8 ஜி.பி. குச்சிகள் இரண்டு, இரட்டைப் பாதையில் விரைந்து பரிமாறுவதால், கண்ணுக்குத் தெரியும் அளவு பலன் தரும். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிச் சென்றதன் விளைவாக ராம் விலை ஏறிவிட்டமையால், சென்ற ஆண்டு நண்பர் சொன்ன விலையை நம்பிப் புறப்படாதீர்கள்.

பின்னால் பணம் சேர்ந்ததும், 70 வாட் மட்டும் கேட்கும் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. போன்ற கார்டைச் செருகிக்கொள்ளலாம்; போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை தருமாதலால் தனி வயர் வேண்டுவதில்லை. ஆர்.எக்ஸ். 6400 சிறியதாயிற்றே என்று மயங்க வேண்டாம். நான்கே தரவுத் தடங்கள் கொண்ட அந்தக் கார்டு, மூன்றாம் தலைமுறை பி.சி.ஐ.இ. இணைப்பை மட்டுமே அறிந்த 5600ஜியுடன் சேர்ந்தால் வேகத்தில் நஷ்டப்படும்.

கேள்வி: சாமான்களுக்குச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதா, ஆன்லைனில் வாங்குவதா?
– வாசகர், பெருங்களத்தூர்

பதில்: ஆன்லைனில் விலை பார்த்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போங்கள். மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம், பிறகு கொஞ்சம் நடை. ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் ஷட்டர்களைத்தான் தரிசிக்கலாம். கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷன் சீட்டை நிதானமாகப் படியுங்கள்: பிராசசருக்குப் பெயரும் எண்ணும் இருக்கும், போர்டுக்கு இருக்கும், எஸ்.எஸ்.டி.க்கும் இருக்கும், கடைசி வரியில் மட்டும் ‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று அநாமதேயமாக ஒரு பிரகிருதி குந்தியிருக்கும். மற்ற உறுப்புகள் அனைத்தின் பிராணனும் அதன் கையில் என்பதால், அந்த வரியை அடித்துவிட்டு, பெயர் தெரிந்த, மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் முத்திரை பெற்ற எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியே எழுதச் சொல்லுங்கள். சொன்ன விலை 18 சதவீத வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் குவிந்து கிடக்கின்றனவே, வாங்கலாமா?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: கீபோர்டு, காலிக் கேபினட், எரிய வைத்துக் காட்டினால் மானிட்டர், இம்மூன்றையும் பேரம் பேசி வாங்கலாம். எஸ்.எம்.பி.எஸ்ஸையும் கிராபிக்ஸ் கார்டையும் வாங்கலாகாது. அவற்றின் பூர்வாசிரமம் விற்பவருக்கே தெரியாது. சிக்கனம் ஒன்றே லட்சியமானால், அலுவலகங்கள் கழித்துவிட்ட ஒல்லியான டெஸ்க்டாப்பைக் கடை வாரண்டியுடன் வாங்கி, அரை உயர பிராக்கெட் கொண்ட லோ புரொஃபைல் கார்டைச் செருகுவதே இன்றைக்கும் மலிவான மார்க்கம். ஆனால் அப்பெட்டிகளின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்குமாகையால், பழுதானால் தேடி அலைய நேரும்.

கேள்வி: பெட்டியை எங்கே வைப்பது?
– வாசகர், முடிச்சூர்

பதில்: தரையில் மட்டும் வேண்டாம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதைத் தங்கள் ஊராருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அலமாரிக்குள்ளும் வேண்டாம். மேலே சொன்ன 5600ஜி பிராசசர் 95 டிகிரி வரை தாங்குமென்றாலும், கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியில் தகிக்கும்போது, காற்றுப் புகாத சிறு பெட்டி உஷ்ணத்தை வெளியேற்ற வழியின்றித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை போட்ட கேபினட்டாகப் பார்த்து வாங்கி, மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

கேள்வி: கரண்ட் பில் எகிறிவிடாதா? படிப்புக்குத்தான் என்று மகன் சொல்வதை நம்பலாமா?
– கவலையுள்ள தந்தை, மேடவாக்கம்

பதில்: 200 வாட் இழுக்கும் யந்திரம் தினம் நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட், அரசாங்கம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஏறக்குறைய பாதி. மகனை நம்பலாம், எந்தப் படிப்பு என்று மட்டும் கேட்காதீர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்ற சுஜாதா, ஜூனியர் விகடனில் வாசகர்களுக்குப் பதில் எழுதிய பகுதியின் தலைப்பு ‘ஏன்? எதற்கு? எப்படி?’ அந்த மூன்றையும் மகனிடம் கேளுங்கள்: ஏன் இப்போதே, எதற்கு இவ்வளவு பெரிய கார்டு, பணம் எப்படி? மூன்றுக்கும் மழுப்பாமல் பதில் சொன்னால் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: முடிவாக, எதில் செலவழிப்பது, எதில் குறைப்பது?
– பல வாசகர்கள்

பதில்: எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் ராமிலும் கை சுருக்காதீர்கள். வர்ண விளக்குகளிலும் கண்ணாடிக் கதவிலும் தாராளமாகச் சுருக்குங்கள். கிராபிக்ஸ் கார்டை அடுத்த போனஸுக்கு ஒத்திப்போடுங்கள். சிறிய பெட்டிக்கு அதிக விலை உண்டு, பொறுமைக்கு இல்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டி கேட்கப் போகும்போது கடைக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்.