கூடலூர் மாட்டுக்கு ஒரு பஞ்சாயத்து

வினை, என் மகன் செல்போனில் காட்டிய ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே புதிய கற்காலத்தில், சுமார் 5,000 வருஷத்துக்கு முன் கட்டிய கல்லறை ஒன்று. உள்ளே கடற்கழுகு எலும்புகள் கிடைத்ததால் 'கழுகுகளின் கல்லறை' என்று பெயர். வழி ரொம்பக் குட்டை. அதனால் பார்க்க வந்தவர்கள் சக்கரம் வைத்த பலகையில் படுத்து, தலைக்கு மேலே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரிலிருந்து வந்திருந்த என் மாமனார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நம்ம ஊர்ல நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்க. அங்க அவனவனே இழுத்துக்கிட்டுப் போகணும் போல. ஆள் பற்றாக்குறையா மாப்ள?"

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் வாயைக் கொடுத்தேன். "நம்ம தேனி மாவட்டத்துலயே பழைய ஈமக்காடு இருக்கு மாமா, ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில. 2006-ல தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்து வெட்டின மூணு நடுகல் கண்டுபிடிச்சாங்க. 2,000 வருஷத்துக்கும் மேல. நாட்டுலயே எழுத்துள்ள நடுகல்லுல இதுதான் ரொம்பப் பழசுன்னு சொல்றாங்க."

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுல, பேடுங்கிற ஊர்க்காரன் தீயன் அந்தவன், கூடல்ஊர் ஆகோள்ல செத்ததுக்கு நட்ட கல்லுன்னு."

"ஆகோள்னா?"

"மாடு பிடிச்சுட்டுப் போறது. ஆநிரை கவர்தல்."

மாமனார் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தொழுவத்தில் ஐந்து மாடுகள். மாட்டுப் பொங்கலன்று கம்பம் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் தொழுவத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்துதான் பச்சைத் தண்ணீர் குடிப்பார். "யார் ஊர் மாட்ட?"

அந்தக் கூடல் மதுரையாகவும் இருக்கலாம், மதுரைக்கும் கூடல் என்று பேர் உண்டு என்று சமாளித்துப் பார்த்தேன். "மதுரையில ஏது மாப்ள மேய்ச்சல்?" என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு வாசலில் நின்றார். பஞ்சாயத்துக்குப் போகிற உடை அது.

கார் தேனியைத் தாண்டும்வரை வழக்கு விசாரணைதான். தீயன் அந்தவன் மாட்டைக் கவரப் போய்ச் செத்தானா, மீட்கப் போய்ச் செத்தானா என்று கல் விவரம் சொல்லவில்லை. பழைய இலக்கணக்காரர்கள் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று பூ வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கல்லில் பூ இல்லை. மாமனாருக்கு அந்தச் சங்கடமே கிடையாது. "நம்ம ஆளா இருந்தா நம்ம ஊர்லல்ல கல்லு நட்டிருப்பாங்க? பள்ளத்தாக்கோட அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு ஓட்டிட்டு வந்திருக்கான். களவாணிப்பய!" நீதிமன்றங்கள் இவரிடம் பாடம் கேட்கலாம். பேடு என்ற ஊர் எங்கே இருந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதற்காக நானும் நன்றியோடு இருந்தேன்.

புலிமான்கோம்பை வைகைக் கரையில் இருக்கிறது. டீக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் கிளாஸை ஆற்றிக்கொண்டே, "எழுத்துக் கல்லா? அதைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போயிட்டாங்களே" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார். மாடு பிடிக்கப் போனவனின் கல்லையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதற்கு என்ன பேர் வைப்பது? கல்கோள்?

கல் கிடைத்த இடத்தையாவது காட்டும்படி கேட்டதும் ஒரு பையன் கூட வந்தான். இரும்புக்கால ஈமக்காடு என்று படித்துவிட்டுப் போன எனக்கு, ஆர்க்னி மாதிரி ஒரு வாசல், ஒரு கயிறு, குறைந்தபட்சம் ஒரு பலகையாவது இருக்கும் என்ற நப்பாசை. கல் எடுத்த காலத்திலேயே கலைந்து கிடந்த இடம் அது. கருவேல முள், புரண்டு கிடந்த கற்கள், அவற்றின் மேல் இரண்டு ஆடுகள். எந்தக் கல் சங்க காலம், எந்தக் கல் போன மாசம் டிராக்டர் புரட்டியது என்று ஆடுகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மல்லாந்து படுக்க இடம் தேடி முள்ளில் காலை வைத்ததுதான் மிச்சம்.

மாமனார் மட்டும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "எத்தன மாடுன்னு போட்டிருந்துச்சா மாப்ள?"

"இல்ல மாமா."

"எண்ணிக்கை போடாம என்ன எழுத்து?" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். களவாணிக்கா என்று கேட்டேன். "செத்துட்டான்ல" என்றார்.

காருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அத்தைக்குப் போன் போட்டார்.

"தொழுவத்துப் படல் சாத்தியிருக்கா? அஞ்சும் நிக்குதா? போய் எண்ணிட்டு வந்து சொல்லு, லைன்லயே இருக்கேன்."