பிள்ளைகளுக்குப் போடும் சாஃப்ட்னர்

திருப்பூரில் ‘சாஃப்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டே அர்த்தம். ஒன்று, சாயப்பட்டறையில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மிஷின். இன்னொன்று, துணிக்குக் கடைசியில் போடும் சாஃப்ட்னர். நூல் மட்டமாக இருந்தாலும் சாஃப்ட்னர் போட்டால் கைக்கு வழவழவென்று இருக்கும். வாங்க வரும் பையர் தொட்டுப் பார்ப்பார். தலையாட்டுவார். நாலு துவைப்பில் அது போய்விடும். அதற்குள் பில் பாஸாகியிருக்கும்.

இப்போது மூன்றாவது அர்த்தம் வந்திருக்கிறது. சாஃப்ட் ஸ்கில். அரசுத் தமிழில் மென்திறன். துணிக்குப் போட்டதைப் பிள்ளைகளுக்கும் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவனைக் கல்லூரியில் விடப் போனவன், வெயிலுக்குப் பயந்து அங்கே நடந்த மென்திறன் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். கல்லூரியின் பெயர் எதற்கு? உங்கள் வீட்டுப் பிள்ளை படிப்பதும் அதே கல்லூரிதான். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்ட பயிற்றுநர். முதல் பாடம், கை குலுக்குவது. மூன்று வினாடி. உறுதியாக, ஆனால் இறுக்காமல். உள்ளங்கை வியர்க்கக் கூடாதாம்.

மேடைக்குக் கூப்பிட்ட பையனின் நகக்கண்ணெல்லாம் நீலம். லீவு நாளில் சாயப்பட்டறைக்குப் போகிறவன். “கையைக் கழுவிட்டு வரக் கூடாதா தம்பி? முதல் பார்வையிலதான் எல்லாமே இருக்கு” என்றார் பயிற்றுநர். ஹால் சிரித்தது. பையனும் சிரித்தான்.

அது கழுவினால் போகாது ஐயா. நொய்யல் ஆற்றையே கழுவிப் பார்த்தாயிற்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லியும் பார்த்தாயிற்று. ஆற்றிலிருந்தே போகாத சாயம், இரண்டு நாள் பயிற்சிக்காக நகத்திலிருந்து போய்விடுமா?

மதியத்துக்கு மேல் ஒரு பையன் தூங்கிவிட்டான். எழுப்பி நிறுத்தி, உடல்மொழி பற்றி அரை மணி நேரம் பாடம். அவன் முந்தின ராத்திரி பேக்கிங்கில் ஒரு மணி வரை நின்றவன் என்பது பக்கத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நின்றே வேலை பார்த்தவனுக்கு எப்படி நிற்பது என்று பாடம். நேர மேலாண்மையும் அவனுக்கு உண்டு. காலையில் கல்லூரி, மாலையில் கம்பெனி, சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை தேர்வுக் கட்டணம். இதில் எந்த நேரத்தை அவன் இன்னும் மேலாண்மை செய்ய வேண்டும்?

இந்த ‘சாஃப்ட் ஸ்கில்’ என்ற சொல்லைப் பெற்றுப் போட்டது யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம். 1972-இல் இதற்கென்று மாநாடே நடத்தினார்கள். மிஷினைத் தொட்டுச் செய்யும் வேலை ஒரு பக்கம். ஆளையும் காகிதத்தையும் மேய்க்கும் வேலை மறுபக்கம். பின்னதற்கு வைத்த பெயர்தான் ‘சாஃப்ட்’. பட்டாளத்தில் பிறந்த பிள்ளை என்பதால்தான் அதற்கு எப்போதும் ஒரே ஆசை: எதிரே இருப்பவன் நிமிர்ந்து நிற்க வேண்டும், சொன்னதற்குத் தலையாட்ட வேண்டும்.

1978-இல் இத்தாலிக்காரர் வெள்ளை பனியன் கேட்டு வந்ததிலிருந்துதான் இந்த ஊரின் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்பார்கள். அவர் எதிரே நின்றவர்களில் எத்தனை பேருக்கு இங்கிலீஷ் வந்திருக்கும்? எத்தனை பேர் மூன்று வினாடி கை குலுக்கியிருப்பார்கள்? துணியை இழுத்துக் காட்டியிருப்பார்கள். விரலை மடக்கி விலை சொல்லியிருப்பார்கள். அப்படிக் கிளம்பியதுதான் இன்று வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊருடையது. தறியிலும் தையல் மிஷினிலும் உட்கார்ந்து முதலாளி ஆனவர்களின் கம்பெனியில்தான், இன்று மெர்ச்சண்டைசர் டிரெய்னிக்கு ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதி ஃபைலை மூடுகிறார்கள்.

கூட்டாக வேலை செய்வது, பேரம் பேசுவது, நெருக்கடியில் நிதானம் காப்பது. இதையெல்லாம் இந்த ஊருக்குச் சொல்லித்தர சிலைடு வேண்டுமாம். 1984-இல் பஞ்சப்படி கேட்டு இதே பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 127 நாள் ஒரு ஊரையே ஒன்றாக நிறுத்தியதற்குப் பெயர் டீம் ஒர்க் இல்லையாம். நாற்காலியைச் சுற்றி ஓடி பலூன் உடைப்பதற்குப் பெயர் டீம் ஒர்க்காம். எந்தப் பயிற்றுநரின் சிலைடிலாவது அந்த 127 நாள் வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். மாலையோடு வருகிறேன்.

உண்மையைச் சொன்னால், திருப்பூரில் தரமான மென்திறன் பயிற்சி ஒன்று ரொம்ப நாளாகவே உண்டு. கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை. வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்கு முந்தின நாள் நடக்கும். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு மணி நேரமுங்க. ஞாயிற்றுக்கிழமை? லீவுங்க. மேனேஜர் எப்படி? தங்கமான மனுசனுங்க. முதலுதவிப் பெட்டியின் சாவி அன்றைக்குத்தான் கிடைக்கும். கட்டிங் டேபிளுக்குக் கம்பி கையுறை வரும், சாயங்காலம் திரும்பிப் போகும். கண்ணைப் பார்த்துப் பேசு, தயங்காதே, சிரித்த முகமாக இரு. அதே பாடத்திட்டம், வரிக்கு வரி. எல்லாக் கம்பெனியிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நடக்கிற கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அது போதும்.

ஆக, கல்லூரியில் கற்பதும் இதுதான், கம்பெனியில் கற்பதும் இதுதான். கேட்கிறவனுக்குப் பிடித்த பதிலைச் சொல்.

சரி, செலவுக் கணக்கைப் பார்ப்போம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி. அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயிற்சி பெற்றதாகச் சொன்ன சுமார் 96 லட்சம் பேரில் 94 சதவீதத்துக்கும் மேலானவர்களின் வங்கிக் கணக்கு விவரம் காலி, இல்லையென்றால் பூஜ்யம். நிரப்பியதிலும் வரிசையாக ஒன்று ஒன்றாகவே அடித்த எண்கள். பல பேருக்கு ஒரே போட்டோ. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவர்களில் வேலைக்குப் போனது 41 சதவீதம். எங்கள் ஊர் செக்கிங் அம்மா நூறு பீஸில் ஒரு பீஸில் ஓட்டை இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு ஓட்டை என்றால் லாட்டையே திருப்பி அனுப்புவார். இங்கே லாட்டுக்கு விழா எடுத்தார்கள்.

மாநில அரசும் சும்மா இல்லை. 2022 மார்ச் 1-ஆம் தேதி ‘நான் முதல்வன்’ வந்தது. வருஷத்துக்குப் பத்து லட்சம் மாணவர்கள் என்பது இலக்கு. நோக்கத்தில் நான் குறை சொல்ல மாட்டேன், அதனால் வேலைக்குப் போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆங்கில வகுப்பெடுக்க நிரந்தர ஆசிரியரைப் போடாமல் கௌரவ விரிவுரையாளரை வருஷக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, அதே பிள்ளைகளிடம் ‘தன்னம்பிக்கையோடு பேசு’ என்பது என்ன திறன்? மூன்று வருஷம் சொல்லித்தராததை முப்பது மணி நேரத்தில் ஊற்றிவிட முடியும் என்றால், அந்த மூன்று வருஷக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

வேலை வராததற்கும் மாணவன்தான் காரணமாம். 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போகும் நாடு அது. ஆர்டர் நின்றது, ஷிப்ட் குறைந்தது. அன்றைக்கு டிரம்ப்பின் கண்ணைப் பார்த்துப் பேசாமல் விட்டது எந்தக் கல்லூரி மாணவன்? யாருடைய உடல்மொழி சரியில்லாமல் கன்டெய்னர் தூத்துக்குடியில் நின்றது? வேலை இல்லை என்று சொல்ல எல்லாருக்கும் வெட்கம். அதனால் ‘உனக்குத் திறமை இல்லை’ என்கிறார்கள். பையனும் நம்பிவிடுகிறான். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் வண்டியில் கொண்டுபோய் விட்ட பையனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. கனமான தாள், தங்க எழுத்து. டி-சர்ட் மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டையை விடத் தரம். அவன் அம்மா கம்பெனியில் கைமடி வேலை முடித்துவிட்டு வந்த கையோடு அதை வாங்கிப் பார்த்தார். “இத வெச்சா வேல கெடைக்குமா கண்ணு?” என்றார். “கெடைக்கும்மா.” தன்னம்பிக்கையில் நூற்றுக்கு நூறு.

போன மாதம் இன்டர்வியூ. புரொடக்‌ஷன் அசிஸ்டென்ட் வேலை. சட்டையை இன் பண்ணிப் போனான். மூன்று வினாடி கை குலுக்கினான். இங்கிலீஷில் தன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் சொன்னான். எங்கும் தடுமாறவில்லை. ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற கேள்விக்கு, சொல்லிக்கொடுத்தபடியே, ‘கொஞ்சம் அதிகமாக உழைத்துவிடுவேன்’ என்றான்.

மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம். “அதெல்லாம் சரி தம்பி. நம்ம லைன்ல பாதிக்கு மேல ஒடிசா, பீகார் ஆளுங்க. இந்தி தெரியுமா?”

தெரியாது என்றான். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, சிரித்த முகமாக.