வருகைப் பதிவேடும் கதம்ப மன்னனும்

தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய மேல்நிலைக் கல்வியின், அதாவது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளின், கால அட்டவணையில் காணப்படும் உடற்கல்விப் பாடவேளை மாணவர் ஓடியாடுவதற்கென ஒதுக்கப்பட்டது என்று நம்புவோர் உளரேல், அது கணித ஆசிரியர் தம் பாடப் பாக்கியை வசூலித்துக்கொள்ளும் நேரம் என்பதை அவர்களுக்கு அம்மாணவர்களே விளக்குவர். இங்கிலாந்தில் இவ்வயதினர்க்குப் பாடமற்ற வேளைகள் அட்டவணையிலேயே உண்டு. இங்கோ ஆசிரியர் விடுப்பெடுத்தாலன்றி அது வாய்ப்பதில்லை, வாய்த்தாலும் பதில் ஆசிரியர் ஒருவர் காவலுக்கு வந்து அமர்ந்துவிடுவார்.

வருகையைப் பொறுத்தவரை, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 75 விழுக்காடு கேட்பதோடு, நோய் முதலிய காரணங்களுக்குச் சான்று காட்டினால் தளர்வும் தருகிறது. திருவிழா அக்காரணங்களுள் சேராது. திருவிழாக்களுக்குப் பெயர்போன காஞ்சிபுரத்துத் தெய்வங்களும் மாணவர்க்கு இதில் உதவுவதாகத் தெரியவில்லை: வரதராசப் பெருமாள் தம் கருட சேவையைப் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டிவரும் வைகாசியிலும், ஏகாம்பரநாதர் தம் திருக்கல்யாணத்தைத் தேர்வுக் காலமாகிய பங்குனியிலும் வைத்துக்கொண்டுள்ளனர்.

இந்நகரின் கல்வி வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற இடைநிற்றல், கடிகை எனப்பட்ட உயர்கல்விக் கூடத்தில் வேதம் பயில வந்த மயூரசர்மனுடையது. பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு பூசலிட்டுப் படிப்பை விட்டு வாளேந்திய அவன், நான்காம் நூற்றாண்டில் கதம்ப அரசை நிறுவினான். இவ்வளவையும் கூறும் தாளகுந்தா கல்வெட்டு, அவனது வருகை விழுக்காட்டை மட்டும் குறிப்பிடவில்லை.