மாப்ள நாய்க்கு மாமன் வைத்தியம்

மாப்ள, நீ பெரிய படிப்பு படிச்சவன். உனக்கு யோசனை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? ஆனா உங்க ஆத்தா ராத்திரி போன்ல ஒரே அழுகை. “தம்பி, அவன் வீட்டு நாய்க்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடா, நீதான் ஒரு வழி சொல்லணும்”னா. இதுவரைக்கும் என்ன வைத்தியம் பாத்தான்னு கேட்டேன். சொன்னா பாரு, ஒவ்வொண்ணா! வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. வாட்ச்மேன் சொன்னாருன்னு ஒரு பிரம்பு வாங்கியாச்சு. மேல்மாடி அம்மா சொன்னாங்கன்னு எண் கணிதம் பாத்துப் பேரை மாத்தியாச்சு. நேத்துவரைக்கும் சீசர், இன்னைக்கு லட்டு. போதாததுக்குக் கரண்டு அடிக்கிற கழுத்துப்பட்டை வேற தபால்ல வந்து இறங்கியிருக்காம்.

“டாக்டர்கிட்ட காட்டினானா, அக்கா?”ன்னேன். “உடம்பு நல்லாத்தானே இருக்கு, டாக்டர் எதுக்கு?”ன்னு நீ கேட்டியாம்ல. ஆகா, என்ன கேள்வி! உன் கார்ல லேசா ஒரு லொடலொட சத்தம் வந்தப்ப, எலுமிச்சம்பழம் வச்சுட்டு வீட்லயா இருந்தே? அன்னைக்கே மெக்கானிக்கைத் தேடி ஓடலை?

நாய் உறுமுது, கடிக்க வருதுன்னா முதல்ல பாக்க வேண்டியது குணத்தை இல்ல, உடம்பை. இதை நான் சொல்லலப்பா. என் பேத்தி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில படிக்கா. அவ சொல்றா, நான் வெத்தலையை மென்னுக்கிட்டு உனக்குக் கடத்துறேன். காதுக்குள்ள சீழ் இருக்கும், பல்லு வேர்ல புண் இருக்கும், இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கும். நீ பிரியமாத் தடவினாலும் அதுக்கு உயிர் போகும். “ஐயா, காது வலிக்கு”ன்னு வாயைத் திறந்து சொல்ல முடியுமா? தெரிஞ்ச பாஷை உறுமல் ஒண்ணுதான். அதைச் சொன்னதுக்கு நீ பிரம்பை எடுக்கே. அதுவும் ரெண்டு தடவை வாங்கிட்டு உறுமுறதை நிறுத்திரும். நீயும் “பாத்தியா, திருந்திருச்சு”ன்னு மீசையை முறுக்குவே. மூணாந்தடவை சத்தமே இல்லாம நேராக் கடி விழும். எச்சரிக்கை மணியைப் பிடுங்கிப் போட்ட புண்ணியவான் நீதான்.

இன்னொண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதே. கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குது, திமிருன்னு சொன்னியே, அதுக்குக் காது கேக்குதா? உன்னோடது மாதிரி வெள்ளை வெளேர்னு ரோஸ் மூக்கோட இருக்கிற ராஜபாளையத்துக் குட்டிகள்ல பிறவிச் செவிடு உண்டுங்கிறது எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது தூங்கிக்கிட்டிருக்கையில பின்னால நின்னு, காத்து மேல படாமக் கையை ஒரு தட்டு தட்டிப் பாரு. காது அசையலைன்னா டாக்டர்கிட்ட அதையும் சொல்லு. செவிட்டு நாய்க்குப் பேரை மாத்தி வச்ச முதல் ஆளுங்கிற பெருமை நம்ம குடும்பத்துக்கு வேண்டாம்.

2005-ல ராஜபாளையம் நாய் படத்தைப் போட்டு மத்திய சர்க்கார் தபால்தலையே வெளியிட்டுச்சு. நம்ம வம்சத்துல இன்னும் ஒருத்தன் மூஞ்சியும் தபால்தலையில வரலை. அதனால கொஞ்சம் மரியாதையாவே நடத்து. காடு, தோட்டம்னு காவல் காத்துத் திரிஞ்ச சாதி அது. அதைக் கொண்டுபோய் ரெண்டு ரூமுக்குள்ள போட்டு, காலைல பத்து நிமிசம் லிஃப்ட்ல இறக்கி ஏத்திட்டு, “ஏன் குரைக்குது?”ன்னு கேக்கே. காவக்காரன் வேற என்னப்பா செய்வான், கும்மியா அடிப்பான்?

குட்டியை வாங்கினப்ப அஞ்சு வாரம்னு சொன்னே. எட்டு வாரம் முடியாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017-லயே மத்திய சர்க்கார் விதி போட்டிருக்கு. வித்தவனும் சொல்லலை, நீயும் கேக்கலை. பஞ்சு உருண்டையாட்டம் இருந்துச்சு, உன் வீட்டுக்காரி கண்ணு கலங்கினா, பணத்தை எண்ணி வச்சுட்டே. நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்துல இருந்து பதினாலாவது வாரம்வரைக்கும்தான் உலகம் அறிமுகமாகுற காலம்னு பேத்தி சொல்றா. தாய்கிட்டயும் கூடப்பிறந்ததுக கிட்டயும் கடிச்சு விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு படிக்கிறது அந்தப் பருவத்துலதான். குடை, ஹெல்மெட், கைப்பிள்ளை, குக்கர் விசில் எல்லாத்தையும் பயமில்லாமப் பாக்கிறதும் அப்பத்தான். நீ அந்தக் காலத்துல அதை பால்கனியில கட்டி வச்சே. இப்ப ஹெல்மெட் போட்ட பயலைக் கண்டா அது எமனைக் கண்ட மாதிரி கத்துது.

சரி, டாக்டர் பாத்தாச்சு, உடம்புல குறை இல்லைன்னு வை. (சென்னை வேப்பேரியில கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்குய்யா. அந்தக் கல்லூரி ஆரம்பிச்சது 1903-ல. நீ பொறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான். இன்னும் உன் கண்ணுல படலை.) அடுத்து வாரான் பழக்குற ஆளு. இங்கதான் சூதானம் வேணும். முடிவெட்டுறவனுக்காவது நாலு பேர் தலையைப் பாத்துத் தரம் சொல்லிரலாம். நாய் பழக்குறேன்னு போர்டு மாட்ட எவன்கிட்டயும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. வந்தவன்கிட்ட நீ கேக்க வேண்டியது, “சொன்னபடி கேட்டா என்ன குடுப்பே? கேக்கலைன்னா என்ன செய்வே?” ரெண்டாவதுக்கு அவன் இடுப்பு பெல்ட்டைத் தடவினான்னா, ஒரு காபியைக் குடுத்து மரியாதையா அனுப்பி வச்சுரு. “பத்து நாள் என்கிட்ட விடுங்க சார், புது நாயாத் தாரேன்”னு சொன்னாலும் அதே காபிதான். அங்க அவன்கிட்ட பழகினது அவனுக்குத்தான் அடங்கும். உன் வீட்டுக்கு வந்தா உன் பழக்கம் பழைய பழக்கம்தானே?

“நாய் உங்களைத் தலைவனா மதிக்கலை சார், மல்லாக்கப் போட்டு அமுக்குங்க”ன்னு ஒருத்தன் சொல்லி, நீ அமுக்கப்போயி, அது உன் மணிக்கட்டைப் பதம் பாத்துச்சுல்ல? அந்தத் தலைவன் கதை எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? சுவிட்சர்லாந்துல பாசெல் ஊரு மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பாத்து ஷெங்கல்னு ஒருத்தர் 1947-ல எழுதினது. ஒரே கூண்டுல அடைச்சா ஓநாய் சண்டை போடாம சம்பந்தமா பேசும்? அமெரிக்காவுல டேவிட் மீச்னு இன்னொருத்தர் 1970-ல போட்ட புத்தகத்தால அந்தக் கதை ஊரெல்லாம் பரவிருச்சு. பெறகு அவரே காட்டுல வருசக்கணக்கா இருந்து பாத்துட்டு, “இது தலைவனும் தொண்டனும் இல்லய்யா, அப்பன் ஆத்தா பிள்ளைக, குடும்பம்”னு 1999-ல எழுதிட்டாரு. எழுதினவரே மாத்திக்கிட்டாரு, நம்ம தெருப் பயிற்சிக்காரன் மட்டும் விட மாட்டேங்கான்.

அந்தக் கரண்டுப் பட்டையைக் கழட்டிக் குப்பையில போடு. லிஃப்ட் திறக்கையில எதிர்வீட்டுப் பிள்ளையைப் பாத்துக் குரைச்சது, நீ பொத்தானை அமுக்கினே, கழுத்துல சுரீர்னுச்சு. இப்ப அது என்ன படிச்சிருக்கும்? குரைச்சா வலிக்கும்னா? அந்தப் பிள்ளை வந்தா வலிக்கும்னு. வேல்ஸ் நாட்டுல 2010-லயே இதுக்குத் தடை போட்டுட்டாங்க. நீ இப்பத்தான் தவணையில வாங்கியிருக்கே.

டாக்டர் மாத்திரை எழுதினாலும் முகம் சுளிக்காதே. நீ ஆபீஸ் போனதும் கதவைப் பிறாண்டி நகம் பேத்துக்கிற நாய்க்கு ஃப்ளூவாக்செட்டின் குடுக்கலாம்னு அமெரிக்காவுல 2007-ல அனுமதி குடுத்தாங்க. மனுசனுக்கு மனசு சரியில்லைன்னா குடுக்கிற அதே மருந்துதான். ஆனா அதோட பழக்கவும் செய்யணும், சரியா வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுக்காக உன் டப்பாவுல இருந்து நீயா ஒண்ணை எடுத்து வாயில திணிச்சுராதே. தலைவலிக்கு நாம முழுங்குற பாராசிட்டமாலே நாய்க்கு விஷமாகிரும்.

இதுல சிரிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. உன் மச்சினனைக் கடிச்சப்ப மஞ்சப்பொடி வச்சு அழுத்தி அனுப்பினியாமே. அறிவு கெட்டவனே! பல்லு பட்ட உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிசம் கழுவணும். நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட ஆரம்பிக்கணும். வீட்டு நாய்தானேன்னு உக்காரப்படாது. வெறிநோய் வந்துட்டா அப்புறம் மருந்தில்லை. நாய்க்கு வருசா வருசம் போடுற ஊசி அட்டை எங்கேன்னு இன்னைக்கே தேடு.

நாயை ஊருக்கு அனுப்பிரட்டுமான்னு கேட்டியாம். எதுக்கு, பழக்க நேரமில்லைன்னா? நாள் ஒண்ணுக்குப் பத்துப் பத்து நிமிசம், ரெண்டு மூணு வேளை. செல்போனை நீ தடவுற நேரத்துல கால்வாசி. அந்நிய ஆளைக் கண்டா பாயுற நாய்க்கு அந்நிய ஆளை வச்சுத்தான் பழக்கணும். எவ்வளவு தூரத்துல நின்னா அது பேசாம இருக்கோ அங்க நிக்கச் சொல்லி, பாக்கும்போதெல்லாம் ஒரு துண்டு உப்பில்லாம அவிச்ச கோழி. குரைக்கலைன்னா நாள்போக்குல ஒவ்வொரு அடியாக் கிட்ட வரலாம். குரைச்சா பின்னால போயிரணும், அம்புட்டுதான். கூடவே வாய்க்கூடு போடவும் பொறுமையாப் பழக்கிரு.

அந்நிய ஆளுக்கு எங்க போவேன்னு முழிக்காதே. உன் மாமனார் ரிட்டயர் ஆகி, உன் வீட்டு சோபாவுலதானே உக்காந்திருக்காரு? அவரு வேட்டியைத்தான் அது ரெண்டு தடவை கிழிச்சிருக்கு. சங்கிலியை நீ பிடிச்சுக்கோ, அவரைத் தெருமுனையில நிக்க வை. கோழி எலும்பில்லாததா இருக்கட்டும், மிச்சமிருந்தா அவருக்கும் ரெண்டு துண்டு குடு.