ஏழு திருச்சுற்றும் ஒரு கரடியும்

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளையும் மலைக்கோட்டைப் படிகளையும் மூச்சு வாங்காமல் கடந்து பழகியவர்கள், விடுமுறையில் நீலகிரியின் ஏரிக்கரைப் பாதைகளுக்கும் அதே துணிவோடு, புளியோதரைப் பொட்டலம் சகிதம் புறப்பட்டுவிடுகின்றனர். அங்கே உலவும் தேன்கரடி, அதாவது நீண்ட நகங்களால் கறையான் புற்றைக் கிளறி உண்ணும் கரடியினம், கோத்தகிரிப் பகுதிக் கோயில்களில் புகுந்து அகல்களின் எண்ணெயைக் குடித்துச் செல்வதால், அதன் பக்தியை ஐயுற இடமில்லை. நல்லெண்ணெய் மணக்கும் புளியோதரையையும் அது பிரசாதமாகவே கருதக்கூடும். மரமேறித் தப்பிய நண்பனின் கதையை நம்புவோர், கரடியும் மரமேறும் என்பதை அங்கே சென்றுதான் அறிய வேண்டும். எதிர்பாராமல் நெருங்குவோரையே அது பெரும்பாலும் தாக்குவதால், உரக்கப் பேசிக்கொண்டு கூட்டமாக நடப்பதே காப்பு. இக்கலையில் திருச்சிக் குழுக்களுக்குத் தனிப்பயிற்சி தேவைப்படுவதில்லை.