குட்டை மரத்துக்கு நெட்டை வழி

குட்டி மரம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் அதைப் பெரிதாக வளரவிட வேண்டும் என்று சொன்னால், கேட்பவர் நம்மைக் கொஞ்சம் அனுதாபத்தோடு பார்ப்பார். எடை குறைக்க வந்தவரிடம், "முதலில் பத்துக் கிலோ ஏற்றிக்கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று வைத்தியர் சொன்ன மாதிரி இருக்கும். ஆனாலும் இளங்குச்சியிலிருந்து சின்னஞ்சிறு போன்சாய் செய்ய வேறு வழி கிடையாது. இந்தக் கலையில் தோற்பவர்கள் கைராசியையும் மண்ணையும் நோவது வழக்கம். அவர்களைக் கெடுப்பது அவசரம். அதுவும் தலைகீழான அவசரம். மற்ற செடிகளை ஏன் இன்னும் வளரவில்லை என்று கேட்கிறவர்கள், இந்த ஒன்றை மட்டும் எங்கே வளர்ந்து தொலைத்துவிடுமோ என்று பயந்து, நட்ட அன்றைக்கே உள்ளங்கையளவு தொட்டியில் அடைத்துக் கத்தரியோடு காவல் நிற்கிறார்கள். அவர்கள் பயப்படத் தேவையே இல்லை. அது வளராது. இரண்டு வருஷம் கழித்தும் அதே குச்சி, அதே நான்கு இலையோடு நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரத்தின் உயரம் அடிமரப் பருமனைப்போல ஆறு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்கு முதிர்ந்த மரமாகத் தெரியும் என்பது போன்சாய்க்காரர்கள் கையாளும் ஒரு விகிதம். சட்டமல்ல, பழக்கம்தான். 15 செ.மீ. உயர மரத்துக்கு அடியில் 2.5 செ.மீ. பருமன் வேண்டும். நாம் நடுகிற குச்சியோ பென்சில் பருமன், ஏறத்தாழ 7 மி.மீ. ஆறால் பெருக்கினால் 4 செ.மீ.க்குச் சற்று மேலே வருகிறது. அந்த உயரத்தில் நிறுத்தினால் விகிதம் பிசகாது, மரத்தைத்தான் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருக்கும். 15 செ.மீ. வரை விட்டாலோ கொடிக்கம்பம். ஆக, குறை உயரத்தில் இல்லை, தடிமனில் இருக்கிறது. உயரத்தைக் கத்தரி ஒரு நொடியில் குறைத்துவிடும். தடிமனைக் கூட்ட இலையை விட்டால் வேறு கருவி கிடையாது. இலை சமைக்கிற சர்க்கரைதான் பட்டைக்கு அடியில் அடுக்கடுக்காகக் கட்டையாகிறது. வேருக்கு இடமில்லாவிட்டால் இலை பெருகாது, இலை பெருகாவிட்டால் அடிமரம் பருக்காது. சின்னத் தொட்டி முடிந்த மரம் குடியிருக்கிற இடம். அங்கே மரம் உண்டாவதில்லை.

விதை போடலாமே என்பார்கள். போடலாம், ஆயுள் கெட்டியாக இருந்தால். விதையில் முளைத்தது ஆணிவேரை நேரே கீழே இறக்கும். போன்சாய்க்கு வேண்டியதோ அடியைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவுகிற வேர். குச்சியாக வெட்டி நடுகிற போத்துக்கு ஆணிவேர் என்ற தொந்தரவே இல்லை. முருங்கையும் பூவரசும் போத்து வைத்தே வளர்த்த ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வெயிலுக்குச் சுலபமானது, நர்சரிகளில் ஃபைகஸ் என்று விற்கிற, ஆல் சாதியைச் சேர்ந்த சிற்றிலை மரம். எலுமிச்சையில் ஆரம்பிப்பது வேறு மாதிரி வேடிக்கை. பயிற்சியில் இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊறுகாய்க்குத் தயாராக நிற்கும். ஃபைகஸ் குச்சியைச் சாய்வாக வெட்டி, வடிகிற பாலைக் கழுவிவிட்டு, மேலே இரண்டு மூன்று இலையை மட்டும் வைத்து அவற்றையும் பாதியாகக் கத்தரித்து, மணல் கலந்த மண்ணில் செருகி, மேலே ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் போதும். துளிரில் சுரக்கிற ஆக்சின் கீழே இறங்கி வெட்டுவாயில் சேர்ந்து வேரைக் கிளப்பும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் குச்சிக்கு வெயிலாலோ பூச்சியாலோ வருகிற ஆபத்து குறைவு. வேர் விட்டதா என்று தினம் காலையில் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுகிறவரால் வருவதுதான் அதிகம்.

வேர் பிடித்ததும் செய்ய வேண்டியது, செடிக்கு அடியில் ஒரு தட்டையான ஓட்டுத் துண்டை வைத்து, வேர் பக்கவாட்டில் பரவும்படி நிலத்திலே நட்டுவிட்டு விலகுவது. முதல் பாதி எல்லாருக்கும் வரும். விலகுவதுதான் வராது. தண்டு பச்சையாக இருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றி ஒரு வளைவு கொடுத்துக்கொள்ளலாம். பட்டையில் பதிவதற்குள் அதை அவிழ்த்துவிட வேண்டும். பிறகு மூன்று நான்கு வருஷம் அது ஆளுயரத்தைத் தாண்டட்டும். அடி பருத்ததும், தாழ்வான ஒரு பக்கக்கிளைக்குச் சற்று மேலே வெட்டினால் அந்தக் கிளை தலைமை ஏற்கும். அதையும் வளரவிட்டு வெட்டினால் அடி பெருத்து நுனி சிறுத்த உருவம் வரும். இதற்குச் சாட்சி நம் கரட்டுக்காட்டிலேயே உண்டு. ஆடு கடித்துக் கடித்து முழங்காலுக்கு மேல் எழும்பாத புதர்களைக் குனிந்து பார்த்தால் அடிக்கட்டை மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். ஆடு எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை. நுனியைக் கடித்தது, வேரை நிலத்திலேயே விட்டுவைத்தது. நம் ஆட்கள் இரண்டிலும் கை வைக்கிறார்கள்.

ஆடு சொன்னால் அம்பலம் ஏறாது என்பவர்களுக்காக ஜப்பான் சாட்சி. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் நகரத்தை விட்டு, 1925 முதல் சைத்தாமாவில் உள்ள ஓமியாவில் குடியேறினார்கள். அவர்கள் தேடிப் போனது விசாலமான நிலமும் நல்ல நீரும். உலகத்திலேயே சின்ன மரம் வளர்ப்பவர்களுக்குத்தான் இடம் போதவில்லை! அந்தக் கிராமத்தில் குடியிருக்க விதிகளும் இருந்தன: ஆளுக்குக் குறைந்தது பத்து போன்சாய் வேண்டும், மாடி வீடு கட்டக்கூடாது. மரத்தை வளரவிட்டு வீட்டைக் குட்டையாக வைத்தவர்கள் அவர்கள்.

"இவ்வளவு வளர்த்துவிட்டு வெட்டுவதற்கு மரமாகவே விட்டுவிடலாமே, இது சித்திரவதை அல்லவா?" என்று இரக்கமுள்ளவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பட்டினி போட்டுத்தான் மரத்தைக் குட்டையாக்குகிறார்கள் என்றால் நானும் அவர்கள் பக்கம் நிற்பேன். பட்டினி போட்ட மரம் குட்டையாவதில்லை, செத்துப்போகிறது. அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் இருக்கும் யமாகி பைன் என்ற போன்சாய் 1625 முதல் பயிற்சியில் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டையும் ஒரு சுவருக்குப் பின்னால் நின்று தாங்கியது. 1976இல்தான் வாஷிங்டன் போனது. சித்திரவதைக் கூடத்தில் யாரும் நானூறு வருஷம் இருந்ததாகத் தகவல் இல்லை. நம் சாலையோர மரங்களுக்கு அந்த ஆயுளில் காலே அரைக்கால் வாய்த்தால் பெரிது.

வாஸ்துக்காரர்களின் ஆட்சேபம் இன்னும் கனமானது. குட்டை மரம் வீட்டில் இருந்தால் குடும்பத்தின் வளர்ச்சி குன்றும் என்கிறார்கள். தோக்கியோ அரண்மனையில் ஒரு பழைய பைன் போன்சாய் இருக்கிறது, மூன்றாம் ஷோகுன் தோக்குகாவா இயெமிட்சு பேணியதாகப் பெயர் பெற்றது. அவர் 1651இல் காலமான பிறகும் அவர் குடும்பம் 200 ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானை ஆண்டது. அந்த அளவு வளர்ச்சி போதாது என்பவர்கள் மட்டும் தயங்கலாம். நம் முறைப்படி வளர்த்தால் முதல் ஐந்து வருஷம் குட்டை மரமே வீட்டில் இருக்காது, கொல்லையில் ஒரு முரட்டு மரம்தான் இருக்கும். அதற்குள் வளர்ச்சி குன்றினால் வீட்டுக்கடன் தவணையைத்தான் கேட்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் அடுக்குமாடிக்காரர்களுடையது: கொல்லைக்கு எங்கே போவது? இதற்கும் ஜப்பானியர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். காய்கறி வடிக்கிற ஓட்டைக்கூடையில் மண் நிரப்பி நடுகிறார்கள். ஓட்டை வழியே காற்றைத் தொட்ட வேர்நுனி காய்ந்துவிட, உள்ளே மெல்லிய வேர்கள் பெருகி, செடி நிலத்தில் இருப்பதற்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பருக்கிறது. அடுக்களையில் கூடை ஏன் காணவில்லை என்ற விசாரணையை அவரவர் சமாளித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் கவனம். மொட்டைமாடியில் கூடையை நேராகத் தரையில் வைக்கக்கூடாது, கீழே இரண்டு செங்கல் கொடுத்து, எட்டிப்பார்க்கிற வேரை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். ஆல் சாதி வேர் தளத்தின் விரிசலுக்குள் ஒருமுறை இறங்கிவிட்டால் அடிமரம் தானாகவே பருத்துக்கொள்ளும். அதன் உயரத்தைப் பற்றி அசோசியேஷன் செயலாளர் பேசிக்கொள்வார்.