முன்கவைப் பிணைப்பி: ஒரு பன்முக நோக்கு

தோற்றுவாய்

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் ஃபோர்க் கால்கள் இரண்டையும், டயருக்கு மேலே வளைந்து போய் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டும் அலுமினியத் துண்டுக்கு ஃபோர்க் பிரேஸ் என்று பெயர். இதைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு நிகழாதது பெரிதும் வருந்தத்தக்கது. (முதல் பத்தியில் வருந்தியாக வேண்டும். அது மரபு.) ஆய்வுக்களம் காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கத்து மெக்கானிக் ஷெட் ஒன்று. ஆய்வுப்பொருள் அடியேனின் பல்சர் 150. பிள்ளையார்பட்டி ரோட்டில் அறுபதைத் தாண்டினால் அதன் ஹேண்டில் ஆடுகிறது. வீட்டு ஆச்சி பின்னால் உட்கார்ந்தால் நாற்பதிலேயே ஆடுகிறது. இந்தத் தரவை ஆச்சி ஏற்கவில்லை.

பெயர்க்காரணம்

ஃபோர்க் என்பதை 'முட்கரண்டி' என்று பெயர்த்த ஒரு கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். அதன்படி என் வண்டியின் முன்னால் நூடுல்ஸ் இருக்க வேண்டும். 'கவை' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, கவட்டை வைத்து மாங்காய் அடித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே முன்கவைப் பிணைப்பி. மெக்கானிக் இதைப் 'பிரேஸு' என்கிறார், கடைக்காரரும் 'பிரேஸு' என்கிறார், வாங்குகிறவரும் அப்படியே கேட்கிறார். கலைச்சொல்லாக்கத்துக்கு இவையெல்லாம் தடையாகா.

இனி 'பிரேஸ்' எங்கிருந்து வந்தது? கை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து, இரு கைகளால் அணைப்பது என்ற கருத்தில், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததென அகராதிகள் கூறுகின்றன. அகராதியைப் பார்த்துவிட்டால் ஆய்வு முடிந்துபோகும் என்பதால் அதை மூடி வைத்தேன். துண்டை நன்றாகப் பாருங்கள். வளைந்திருக்கிறது. மூன்றாம்பிறை மாதிரி. பிறை, பிறைசு, பிரேசு. நிறுவப்பட்டது.

இலக்கணம்

ஷெட்டில் வழங்கும் சூத்திரம் ஒன்றே: "ரெண்டு காலும் ஒண்ணா ஏறி எறங்கணும்ணே."

இதற்கு உரை. 'காலும்' என்பதன் உம்மை முற்றும்மை, மூன்றாம் கால் இன்மையின். சைடு ஸ்டாண்டு மூன்றாம் காலாகாதோ எனின், ஆகாது. அது வண்டி நிற்கும்போது மட்டுமே கால். ஓடும்போது ஓட்டியின் மறதி. 'ஒண்ணா' என்றது பள்ளத்தில் ஒரு பக்கம் முன்னும் மறுபக்கம் பின்னுமாக இறங்குதலை விலக்கியது. டிஸ்க் பிரேக் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வண்டியில், அழுத்திப் பிடித்தால் அந்தக் கால் மட்டும் முறுக்கு வாங்கும். மேலே டி-பிளேட்டும் கீழே ஆக்சிலும் கால்களைப் பிடித்திருந்தாலும் நடுவே பிடிப்பில்லை. 'அண்ணே' என்பது விளி. பில் வரும் என்பது குறிப்பு.

காரைக்குடிக்காரர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு வாசல் நிலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஆசாரி புதிதாக ஒரு நிலை செய்து, சுவரில் ஏற்றும் வரை அதன் இரு கால்களுக்கும் குறுக்கே ஒரு ரீப்பரை அடித்து வைப்பார். அது இல்லாவிட்டால் தூக்கி வைப்பதற்குள் நிலை கோணிவிடும், கதவு உட்காராது. அந்த ரீப்பர்தான் ஃபோர்க் பிரேஸ். வேறுபாடு, ஆசாரி வேலை முடிந்ததும் ரீப்பரைக் கழற்றி அடுப்புக்குக் கொடுத்துவிடுவார்.

வகை

கால்களைப் பற்றி இறுக்குவது, மட்கார்டு துளையில் போல்ட் போட்டு முடுக்குவது என இரண்டு. மட்கார்டே பிரேஸாக நிற்பதும் உண்டு: பழைய புல்லட்டின் தகர மட்கார்டும் கம்பிகளும் பாதி வேலையை ஓசையின்றிச் செய்தன.

பருமன்

என் வண்டிக் குழாய் 31 மில்லிமீட்டர். பழைய கிளாசிக் 350-க்கு 35, 2021-ல் வந்த புதியதற்கு 41. குழாய் தடிக்கத் தடிக்க விறைப்பு பலமடங்கு ஏறும், பிரேஸுக்கு வேலை குறையும். ஒல்லிக்குத்தான் ஊன்றுகோல்.

துரு

1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் துருவை உண்மையாகவே ஆராய்கிறார்கள். எனவே இங்கு விடப்பட்டது.

கல்வெட்டுச் சான்று

இனி ஆய்வின் இதயத்துக்கு வருகிறோம். ஷெட்டின் மேற்குச் சுவரில், காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு மேலே, கரித்துண்டால் எழுதப்பட்ட மூன்று வரிகள் உள்ளன. முதல் வரி: 'முன் ஷா. ஆ. சீ. 2'. இரண்டாம் வரி: 'பா 150'. மூன்றாம் வரி கிரீஸால் சிதைந்தது. முதல் வரியில் ஐயமில்லை: முன் ஷாக், ஆயில் சீல், இரண்டு. சிக்கல் இரண்டாம் வரியில்தான்.

'பா' என்பது பாக்கி, 150 என்பது ரூபாய் என்பர் ஒரு சாரார் (எதிர் டீக்கடைத் தென்பெஞ்சு, முதல் டீ). எளிமையான விளக்கம் என்பதாலேயே இது ஐயத்துக்குரியது. 'பா' என்பது 'ப' எனத் திருத்தத்தக்கது, கால் எழுதியவர் பிழை, ஆகவே 'ப 150' பல்சர் 150 என்பர் மறுசாரார் (வடபெஞ்சு, வடை வருமுன்). இதை ஏற்றால் ஒரு பெரிய பயன் உண்டு. அந்த வண்டி 2001-ல்தான் சந்தைக்கு வந்தது, எனவே கல்வெட்டு அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. காலம் கணித்தாயிற்று. தென்பெஞ்சார் உடனே எழுந்து, ஷெட்டே 2009-ல்தான் கட்டினார்கள் என்றார்கள் (தென்பெஞ்சு, இரண்டாம் டீ, குரல் உயர்ந்த நிலையில்). சான்றுகள் ஆய்வுக்குள் இப்படி அத்துமீறி நுழைவது கண்டிக்கத்தக்கது.

அடியேன் கொள்கை இவ்விரண்டின் வேறு. 'பா' என்பது பா. பாட்டு. அதாவது ஃபோர்க்கைப் பற்றி 150 பாக்கள் கொண்ட முழுநூல் ஒன்று இப்பகுதியில் வழங்கி, பின் மறைந்துபோயிற்று. (இதை வடபெஞ்சார் மறுத்ததும், மறுத்தவரைத் தென்பெஞ்சார் மறுத்ததும், இருவரையும் டீக்கடைக்காரர் பழைய கணக்கைக் கேட்டு எழுப்பியதும் காண்க: இரு பெஞ்சும், மாலை, மழைக்கு முன், கிளாஸ் எண்ணிக்கை ஏழு.) நூல் கிடைத்ததா என்றால், இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-ல் சென்னையில் நூலகம் அமைத்துவிட்டார்கள். தேடப் போக பஸ் கட்டணம் அதிகம். கிடைக்காத நூலில் ஒரு வசதி உண்டு. கிடைத்த நூலென்றால் யாராவது படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பார்கள். மறைந்த நூலை வைத்துப் பட்டம் வாங்கி, பதவி உயர்வும் பெற்று, ஓய்வு பெறும் நாளில் பொன்னாடையும் போர்த்திக்கொண்டவர்களை நான் அறிவேன். பெயர் சொல்லமாட்டேன். அவர்களில் இருவர் எனக்கு அணிந்துரை தர இசைந்திருக்கிறார்கள்.

செய்முறை

லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டை அறுத்துக் கொடுத்தார்கள். எடுத்ததும் போல்ட்டை முடுக்கிவிட நினைத்தேன். மெக்கானிக் தம்பி என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். போல்ட்டுகளை லூசாக விட்டு, ஆக்சில் நட்டையும் தளர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை ஏழெட்டு முறை அமுக்கி அமுக்கி விட்டார். கால்கள் தாமாகவே தம் இடத்தில் நின்ற பிறகுதான் முடுக்கினார். முதலிலேயே இறுக்கியிருந்தால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷாக் ஏறாதாம். டி-பிளேட்டில் இடிக்கிறதா, டயரில் உரசுகிறதா என்று கடைசி வரை அமுக்கியும் பார்த்தார். பிறகு கேட்காமலேயே கோன் செட்டைக் கொஞ்சம் இறுக்கினார். முன் டயரில் காற்று 14 இருந்தது, 25 வைத்தார்.

முடிவுகள்

வண்டி இப்போது எழுபதிலும் ஆடவில்லை.

"பிரேஸு நல்லா வேலை செய்யுது தம்பி."

"காத்துண்ணே."

காற்றைப் பற்றி ஆய்வேடு எழுத முடியாது. எனவே நன்மை முழுவதும் முன்கவைப் பிணைப்பிக்கே உரியதெனக் கொள்ளப்பட்டது. பள்ளத்தில் பிரேக் பிடித்தால் முன்பு போல ஒரு பக்கம் இழுக்கவில்லை என்பது மட்டும், என் கைக்குத் தெரிந்த அளவில், பிணைப்பியின் வேலைதான்.

பின்னிணைப்பு

புறப்படும்போது, ஆய்வறம் கருதி, சுவரைக் காட்டி 'பா 150' என்பதன் பொருளைக் கேட்டேன்.

"பா-ன்னா பாக்கி. 150-ன்னா உங்க வண்டிண்ணே. போன தடவை சீல் மாத்துனோம்ல?"

"தொகை எழுதலையே தம்பி?"

"கீழ எழுதியிருந்துச்சு, கிரீஸ் பட்டுருச்சு. 680. எனக்கு ஞாபகம் இருக்கு."

கொடுத்தேன். அவர் ஒரு பழைய பனியனை நனைத்து மேற்குச் சுவரைத் துடைத்தார். மூலச்சான்று அழிந்துவிட்டபடியால், 150 பாக்கள் பற்றிய கொள்கையை இனி யாராலும் மறுக்க இயலாது.